மருத்துவமனைக்குச் சொப்புச் சாமான் எதற்கு?

(சோழவந்தானில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



ஆண்டுக் கணக்கைப் படித்த பெரியவர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மருந்துக்கு இவ்வளவு, படுக்கை விரிப்புக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸ் பழுதுபார்க்க இவ்வளவு என்று வரிசையாக இருக்கிற பட்டியலில், "சொப்புச் சாமான், களிமண், வண்ணச் சாக்குக்கட்டி, கோரைப்பாய்" என்று ஒரு வரி வருகிறதே, மருத்துவமனைக்குச் சொப்புச் சாமான் எதற்கு, பாலர் பள்ளி ஏதும் தொடங்கப் போகிறீர்களா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொடுக்கிறவருக்குக் கேட்கிற உரிமை உண்டு. இன்று எனக்குத் தந்திருக்கிற நேரம் முழுவதையும் அந்த ஒரு வரிக்கே செலவிட விரும்புகிறேன்.

இந்த ஊரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள பூமி. கொடிக்கால் வேலைக்குப் போகிறவர் விடியுமுன்னே வீட்டைவிட்டுப் போய்விடுவார். வெற்றிலையைக் கிள்ளி, கவுளி அடுக்கி, கட்டுக் கட்டி அனுப்பிவிட்டு அவர் திரும்பும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். சாயங்காலம் இருவரும் பார்த்துக்கொள்ளும்போது நடக்கிற பேச்சை நான் பல வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "சாப்பிட்டியா? வீட்டுப்பாடம் எழுதிட்டியா? போய்ப் படு." இதில் இரண்டு விசாரணை, ஒன்று கட்டளை. பாசம் இல்லாமல் இல்லை. பிள்ளைக்காகத்தான் அந்த மனிதர் இருட்டில் எழுந்து போகிறார். ஆனால் பேச்சு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கைப்பேசி வந்து கெடுத்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். அது வருவதற்கு முன்பும் நம் வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் அதிகம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

சாதாரண நாளில் இது பெரிய குறையாகத் தெரியாது. வீட்டுக்குள் நோய் வரும்போது தெரியும். ஆண்டுக்கணக்கில் வார்டுகளில் நடக்கிற எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பார்கள். "அதுக்கு ஒண்ணும் தெரியாது ஐயா, சின்னப் பிள்ளை" என்பார்கள். அந்தச் சின்னப் பிள்ளை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கும். தெரிந்ததைச் சொல்ல அதற்கு வார்த்தை இருக்காது. இருந்தாலும் அதைப் பெரியவர்களிடம் கேட்பது நம் வீட்டு வழக்கம் இல்லை.

நேரே சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்லும் வழி நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. தாலாட்டைக் கேட்டுப் பாருங்கள். அழுகிற குழந்தையிடம், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று தாய் பாட்டில் கேட்பாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? அடுத்த அறையில் இருப்பவர்களுக்குப் புரியும். ஒப்பாரியும் அப்படித்தான். உயிரோடு இருந்தவரையில் அண்ணன் தம்பிகளிடம் சொல்ல முடியாத மனத்தாங்கலை ஒரு பெண் சாவு வீட்டில் பாட்டாகச் சொல்லுவாள். பாட்டு என்பதால் யாரும் அவளைத் தடுப்பதில்லை. அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005-ல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்களை, பரட்டை அண்ணன் என்றால் இங்கே பலருக்குத் தெரியும். கிராமத்து மெட்டுகளை அவர் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். புத்தகத் தமிழில் வாய் திறக்காத ஜனங்கள் தங்கள் மெட்டில் வாய் திறந்தார்கள்.

பிள்ளைகளுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் எது? விளையாட்டு. ஆண்டவர் இயேசு சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற இடம் மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் குழலூதிக் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். புலம்பி இழவு விளையாட்டும் விளையாடுகிறார்கள். இழவு விளையாட்டு விளையாடாதே என்று அவர் யாரையும் அதட்டியதாக எழுதப்படவில்லை. நம் வீடுகளில் அதட்டுவோம்.

இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்லுகிறேன். ஊர், வயது போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கடன் தொல்லையாலும் வீட்டுச் சண்டையாலும் மனமுடைந்த ஒரு தாய் விஷம் அருந்திய நிலையில் நம்மிடம் கொண்டுவரப்பட்டார். நம் டாக்டர்களும் செவிலியரும் பாடுபட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று, ஏழு வயது மகளை அம்மாச்சி அழைத்து வந்தார். பிள்ளை வாசற்படியைத் தாண்டவில்லை. "அம்மாகிட்டப் போடி ஆத்தா, ஒரு முத்தம் குடு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அம்மாவுக்கு வயிற்றுவலி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என் பிள்ளையே என்னை வெறுத்திருச்சு ஐயா" என்று என்னிடம் சொன்னார்.

நம் சமூகப் பணியாளர் சகோதரி அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வராந்தாவின் கோடியில் பாயை விரித்து, சொப்புச் சாமானையும் இரண்டு துணிப் பொம்மைகளையும் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் பிள்ளை சோறு ஆக்கினாள், பொம்மைக்கு ஊட்டினாள். இரண்டாம் நாள் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் வாயில் மறுபடியும் மறுபடியும் தண்ணீர் ஊற்றி, ஆண்குரலில் "துப்பு, துப்பு" என்று கத்தினாள். பிறகு சொப்புக் குவளைகளை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தாள். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் கத்தினார்கள், எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். வயிற்றுவலிக் கதையை அவள் ஒரு நிமிடமும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் தாயைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பாயின் ஓரத்தில் அமர்த்தினார்கள். அதற்கு முன்பாகச் சகோதரி அவருக்கு அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தார். கேள்வி கேட்கவேண்டாம், சமாதானம் சொல்லவேண்டாம். பிள்ளை கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் செய்கிறதைப் பார்த்து, பார்த்ததை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு குவளையை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். தாய் வாயருகே கொண்டுபோனதும் வெடுக்கென்று பிடுங்கினாள். "நீ குடிக்கக் கூடாது. நான் குடிச்சுப் பார்த்துத்தான் தருவேன்." தாய்க்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார்: "நீ குடிச்சுப் பார்த்துத்தான் தருவ. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு பார்க்கிற."

பிள்ளை வெகுநேரம் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மறுபடியும் குடிப்பியா?"

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவள் அத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். தாய் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அப்படித் தோணுச்சுன்னா முதல்ல அம்மாச்சிகிட்டச் சொல்லிருவேன்." சத்தியம் செய்வதைவிட அது நல்ல பதில். பக்கத்தில் நின்ற அம்மாச்சி அன்றுதான் முதன்முறையாக மகளிடம் கடன் எவ்வளவு என்று கேட்டார்.

விளையாட்டு அந்தத் தாயைக் குணமாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு மனநல டாக்டரின் சிகிச்சையும் மாத்திரையும் தொடர்ந்தன; கடனைப் பற்றிக் குடும்பத்தார் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. இங்கே யார் வீட்டிலாவது இப்படி ஒரு துயரம் மனதை அழுத்தினால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பிள்ளையை அதன் போக்கில் விளையாடவிட்டு, பெரியவர் உடனிருந்து கவனிக்கும் முறையை 1947-ல் புத்தகமாக எழுதியவர் அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அம்மையார். அவர் முறையில் பிள்ளையோடு உட்காருகிறவர் பயிற்சி பெற்ற நிபுணர். 1960-களில் பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற தம்பதியர் வேறு விதமாக யோசித்தார்கள். நிபுணர் எதற்கு? பெற்றோருக்கே கற்றுக்கொடுப்போம் என்றார்கள். வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், அதற்கென்று எடுத்துவைத்த சாமான்கள். 2005-ல், அதுவரை வெளியான 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், நிபுணர் நடத்தியதைவிடப் பெற்றோர் நடத்தியதில் பலன் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நிபுணர் வீட்டுக்குப் போய்விடுவார். தாய் பிள்ளையோடு வீட்டுக்குப் போவாள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? செய்து பாருங்கள். நாம் பிள்ளையோடு விளையாட உட்கார்ந்த மறு நிமிடம் வாத்தியாராகிவிடுவோம். யானைக்கு யாராவது பச்சை அடிப்பார்களா? இது எத்தனை, எண்ணிச் சொல்லு. கெட்டிக்காரி! இந்த மூன்றையும் அந்த அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். பாராட்டையும்கூடத்தான். பாராட்டினால் பிள்ளை நமக்குப் பிடித்ததையே செய்யத் தொடங்கிவிடும். யானை பச்சையாக இருந்தால், யானைக்குப் பச்சை அடிக்கிறாய் என்று மட்டும் சொல்லலாம். பொம்மை பொம்மையை அடித்தால், இதற்கு ரொம்பக் கோபம் என்று சொல்லலாம். தன்னையோ பிறரையோ அடிக்கக் கூடாது, சாமானை உடைக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். நான் பார்த்தவரையில் தாய்மாருக்கு மிகக் கடினமாக இருப்பது கேள்வி கேட்காமல் இருப்பது. தகப்பன்மாருக்குக் கடினம் தரையில் உட்காருவது.

பெற்றோரைச் சிகிச்சையில் பங்காளியாக்குவது நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகளுக்கு அந்நியமானதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. நோயாளியைப் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், குடும்பத்தார் கூடவே தங்கும்படி அங்கே ஏற்பாடு செய்தார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து, அவர்களையே ஆசிரியராக்கி அனுப்புகிற வழக்கம் வந்தது.

கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் மட்டக்களப்பிலும் ஒரு முயற்சி நடந்தது. அதை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன். 1990-ல் அந்தப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் படுகொலைகளுக்கு ஆளாகி, ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய காலம். சேசு சபைக் குருவான பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகன் என்பவரும் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, 1996-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்து வருவார்கள். மரம், செடி, களிமண், வண்ணம், கதை, நாடகம். உனக்கு என்ன நேர்ந்தது என்று துருவுவதில்லை. பிள்ளைகள் மண்ணில் செய்தார்கள், வரைந்தார்கள், கதைகட்டி ஆடினார்கள். யுத்தம் 2009 வரை ஓயவில்லை. பூங்காவால் அதை நிறுத்தவும் முடியாது. ஆனால் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் பெயர் தெரிந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பயிற்சி கொடுத்த ஊழியர்களும் வண்ணத்தையும் களிமண்ணையும் விளையாட்டையும்தான் கையில் எடுத்தார்கள்.

தகப்பன்மார் தரையில் உட்காருவது கடினம் என்று சொன்னேன். சொப்புச் சாமானோடு உட்காரச் சொன்னால், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் சாயங்காலம்தான் வருவார். அவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறோம். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும்.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். இன்சுலின் ஊசியை நம்பி வாழவேண்டிய சர்க்கரை நோய். சர்க்கரை ஏறி மூன்றாவது முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தான். தகப்பனார் மினிலாரி ஓட்டுகிறவர். "ஊசி போட்டியா இல்லையா?" என்று அவர் கத்துவார், "போட்டேன்" என்று இவன் சொல்லுவான். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் ஆடுபுலி ஆடவேண்டும், அந்த நேரத்தில் சர்க்கரை, ஊசி என்ற சொல்லே வரக்கூடாது என்று அவரிடம் சொன்னோம். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சம்மதித்தார். நான்காம் நாள் பையன் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஸ்கூல்ல பாத்ரூம்ல நின்னுதான் ஊசி போடணும். போதை ஊசின்னு பசங்க கத்துறாங்க. அதான் மதியம் போடுறதில்ல." தகப்பனார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆட்டை நகர்த்தினார். "உன் புலி மாட்டிக்கிருச்சுடா" என்றார். அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து, மதிய ஊசிக்கு ஆசிரியர் அறையில் இடம் கேட்டு வாங்கிவிட்டார். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசச் சொன்னால் நம் ஆண்களுக்கு நாக்கு எழாது. இருவர் கண்ணும் ஒரு கட்டத்தில் இருந்தால் தானாக வரும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லாதீர்கள். சூரியனுக்குக் கருப்பு அடித்தால் பிள்ளைக்கு மனநோய் என்று செல்போனில் யாரோ அனுப்பியதை ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பையனிடம் இருந்தது கருப்பு ஒன்றுதான். மற்ற வண்ணங்களைத் தங்கச்சி ஒடித்துவிட்டாள். இரண்டாவது, பிள்ளையிடம் பாலியல் தீங்கு நடந்திருக்கிறது என்று விளையாட்டின் நடுவே தெரியவந்தால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டியது கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதும் இல்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். சாமானுக்கு ஆகிற செலவு சொற்பம். சொப்புச் சாமான் திருவிழாக் கடையில் கிடைக்கிறது. பொம்மைகளைத் தையல் வகுப்புப் பெண்கள் மீந்த துணியில் செய்து தருகிறார்கள். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலுப் பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற குடும்பங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பிசைந்த மண் வேண்டுமானால் அங்கே கேட்கலாம். அன்பர் ஒருவர் பேட்டரியில் ஓடிப் பாட்டுப் பாடுகிற கார் ஒன்றை அனுப்பியிருந்தார். அவருக்கு நன்றி. ஆனால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்களே தவிர விளையாடவில்லை. கார்தான் விளையாடியது. இனி அப்படிப்பட்டவற்றை அனுப்பவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

செலவாவது ஆளுக்கும் இடத்துக்கும். ஒரே ஒரு சகோதரிதான் இந்த வேலையையும் பார்த்து, வார்டு வேலையையும் பார்க்கிறார். பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அவரை வெளியே பயிற்சிக்கு அனுப்பி, ஓராண்டுச் சம்பளமும் கொடுக்கவேண்டும். இடம் இப்போது வராந்தாவின் கோடி. காப்பி வாளி போகும், டிராலி போகும், பார்வையாளர் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிற இடத்தில் எந்தப் பிள்ளையும் பாய்க்கு அடியில் ஒளித்ததை வெளியே எடுக்காது. சலவை அறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டிருந்த அறையை ஒழித்திருக்கிறோம். வெள்ளையடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கம்பிவலையும், நல்ல கதவு ஒன்றும் வேண்டும். தச்சர் அளவெடுத்துப் போயிருக்கிறார்.

வருகிற வியாழக்கிழமை ஆறு தாய்மாரோடு அடுத்த வகுப்பு தொடங்குகிறது. கொடிக்கால் வேலை பார்க்கும் இரண்டு தகப்பன்மார், வெற்றிலைக் கட்டை அனுப்பிவிட்டு நான்கு மணிக்குமேல் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.